மஞ்சள் பலகையில் எங்கள் ஊர்

கடலூர் செம்மண்டலத்தில் நான் ஒரு சின்ன போர்டு கடை வைத்திருக்கிறேன். கடைகளுக்குப் பெயர்ப் பலகை, ஆஸ்பத்திரிச் சுவரில் எக்ஸ்ரே அறைக்கு அம்புக்குறி, புதுவீட்டு வாசலில் பதிக்கும் பித்தளை எழுத்து எல்லாம் செய்வோம். கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்து, வெட்டும் மெஷினுக்கு அனுப்பி, தகட்டில் ஒட்டி, இடத்துக்குப் போய் மாட்டிவிட்டு வர வேண்டும். இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது சென்னையில், அதில் பாதி தரைக்கு அடியில்.

அங்கே ஒரு போர்டு கம்பெனியில் இருந்தபோது சுரங்க ரயில் நிலையங்கள் சிலவற்றுக்குப் பேர் மாற்றினார்கள். ஒரு ஸ்டேஷனின் பேர் எத்தனை இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தெரு வாசலில், படி இறங்கும் இடத்தில், பிளாட்பாரத் தூணில், ரயில் கதவுக்கு மேலே இருக்கும் வழிப்படத்தில். இந்த ஸ்டேஷனின் பேர் மாறினால் மற்ற எல்லா ஸ்டேஷன்களின் வழிப்படமும் மாற வேண்டும். பழைய பேர் நிம்மதியாக உட்கார்ந்திருந்த இடத்தில் அதைவிடப் பல மடங்கு நீளமான புதுப் பேர் உட்கார வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கினால் தூரத்தில் இருந்து தெரியாது. ரெண்டு வரியாக மடித்தால் அம்புக்குறிக்கு இடம் இருக்காது. அளவெடுத்து அளவெடுத்து என் கை பழகியது அங்கேதான்.

ஒரு நாள் மத்தியானம் அப்படி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கையில் ஸ்கேன் கவரோடு ஓர் அம்மா வந்தார். புதுப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு பழைய பேரைச் சொல்லி, "அந்த ஸ்டேஷன் இன்னும் தள்ளிப் போணுமாம்மா?" என்று கேட்டார். "இதுதாம்மா அது" என்றேன். அவர் நம்பவில்லை. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேலே கூட்டிக்கொண்டு போய்த் தெருவைக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. வெளியூர்க்காரர்களுக்குப் பலகையை விட்டால் வேறு துணை இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு கடலூருக்குத் திரும்பி வந்து சொந்தமாகக் கடை போட்டேன். வீட்டுக்காரர் நெல்லிக்குப்பத்துக்காரர். கடைக்கு இடம் பார்த்து, முதல் மெஷின் வாங்க என்னோடு பாண்டிச்சேரிக்கு அலைந்தது அவர்தான்.

இனி எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் தாழைமேடு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போவோம், பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்கு. திருவிழா வந்தால் எல்லோரும் ரெண்டுக்கும் போவோம். எங்கள் தெரு முடியும் இடத்தில் ஸ்டேஷன் இருக்கிறது. பாசஞ்சர் மட்டும் நிற்கிற சின்ன ஸ்டேஷன். ஒரு பிளாட்பாரம், ஓர் அறை, அதில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கிற எங்கள் தெரு அக்கா ஒருவர். ஆனால் பிளாட்பாரத்தின் ரெண்டு முனையிலும் இருந்த மஞ்சள் பலகைகளில் எழுதியிருந்த பேர் 'செங்கொல்லை'.

செங்கொல்லை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வயலைத் தாண்டி இருக்கிற பெரிய ஊர். நிலம் வைத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் இங்கே இருந்தார்கள். ரயில் பாதை போட்ட காலத்தில் ஊர்ப்பேர் கேட்டவர்களுக்கு அங்கே இருந்துதான் யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். தாழைமேடு என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். வெளியே 'செங்கொல்லை காலனி' என்றுதான் இருந்தது.

அம்மா சிதம்பரத்தில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால பாசஞ்சரில் வருவாள். வண்டியில் புதிதாகப் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "எந்த ஊரும்மா?" என்பார்கள். "செங்கொல்லை" என்பாள். உடனே அடுத்த கேள்வி வரும். "செங்கொல்லையில எங்க? ஊர்லயா, காலனியா?"

அம்மா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். "ரயிலடி." அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்த மாதிரியும் இருக்கும், கிடைக்காத மாதிரியும் இருக்கும்.

நான் காலேஜில் சேர்ந்த முதல் வாரம், எந்த ஊர் என்று கேட்டவளிடம் தாழைமேடு என்று சொன்னேன். "அப்டி ஒரு ஸ்டாப்பே இல்லியே, நானும் அந்த வண்டிலதான் வரேன்" என்றாள் அவள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பலகையில் இல்லாததை அவள் எங்கே படித்திருப்பாள்?

அம்மாவின் தம்பி, என் மாமா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஸ்டேஷன் பேரை மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தவர் அவர்தான். "ரயிலு நம்ம ஊர்ல நிக்கிது, பேரு மட்டும் வேற ஊர்ல நிக்கிது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். மனு கொடுத்தார். பதில் வராவிட்டால் மறுபடியும் கொடுத்தார். தேர்தல் முடிந்து ஆள் மாறினால் புது ஆளிடம் முதலில் இருந்து தொடங்கினார். நாங்கள் கேலி செய்வோம். அவர் சட்டை செய்ய மாட்டார். அந்த வருஷங்களில் எங்கள் தெருவும் மாறிக்கொண்டிருந்தது. நர்ஸ், போலீஸ், பேங்க் கேஷியர், இன்ஜினியர் என்று வீட்டுக்கு ஒருவர் வேலைக்குப் போனார்கள். எல்லோரும் படித்ததும் போய் வந்ததும் அந்த பாசஞ்சரில்தான். மாமா கையெழுத்து கேட்டு வந்தபோது ஒவ்வொருவரும் பேருக்குக் கீழே உத்தியோகத்தையும் எழுதினார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மாமாவுக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

செங்கொல்லையில் இருந்து எதிர்ப்பு வந்தது. எதிர்த்தது எல்லோரும் இல்லை. அங்கே இருந்த இளவட்டங்கள் பலர் எங்களோடு படித்தவர்கள், "மாத்திக்குங்க மச்சான், எங்களுக்கு என்னா" என்றார்கள். கரும்பு போடுகிற பெரியவர் ஒருவர் மட்டும் விடாமல் நின்றார். பஞ்சாயத்து ஆபீசில் பேச்சு நடந்தபோது, "எங்க ஊரு பேர அழிச்சிட்டுத்தான் உங்க ஊரு பேர எழுதணுமா?" என்று கேட்டார். மாமா, "எங்க மண்ணுல எங்க பேர எழுதறதுக்கு உங்கள ஏன் கேக்கணும்?" என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரிய எழுத்தில் தாழைமேடு. அதற்குக் கீழே, கொஞ்ச காலத்துக்கு, சின்ன எழுத்தில் 'பழைய பெயர் செங்கொல்லை'. அப்படியே எழுதி அனுப்பினார்கள். அது சென்னைக்கும் டெல்லிக்கும் போய் வந்து, ஒரு வழியாக உத்தரவும் வந்தது.

பலகைக்கு முன்னால் கம்ப்யூட்டரில்தான் பேர் மாறியது. டிக்கெட் அக்கா அம்மாவுக்கு போன் செய்து, "அக்கா, இன்னைலேருந்து சிதம்பரத்துல தாழைமேடுன்னு கேட்டாலே டிக்கெட் குடுக்குறாங்களாம்" என்றார். அம்மா விடுதி வேலையில் இருந்து நின்று சில வருஷம் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சிதம்பரம் போனாள். ஸ்டேஷனில் வரிசையில் நின்றாள்.

"தாழைமேடு ஒண்ணு."

கவுன்டரில் இருந்த பையன் தட்டினான். டிக்கெட் வந்தது. அவ்வளவுதான். அம்மாவுக்குப் பின்னால் நின்ற பெண், "தாழைமேடா? எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாளாம். "பரங்கிப்பேட்டை தாண்டி. எங்க ஊரு" என்றாளாம் அம்மா. அந்தப் பெண் "அப்டியா" என்று சொல்லிவிட்டுத் தன் டிக்கெட்டை வாங்கப் போய்விட்டாள்.

மறுநாள் அம்மா கடைக்கு வந்து அந்த டிக்கெட்டை என் மேஜையில் வைத்தாள். "இத லேமினேஷன் போட்டுக் குடு."

"சூடு பட்டா இந்தப் பேப்பர் கறுத்துப் போயிடும்மா."

"அப்ப கறுக்காத மாதிரி எதுனா பண்ணு. நீதான் பெரிய போர்டு கடைக்காரி ஆச்சே."

ஸ்கேன் செய்து, அதே அளவில் அச்சடித்து, அதை லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். ரெண்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்து, ரயில்வே வேலை எடுத்துச் செய்கிற ஒரு கான்ட்ராக்டர் போன் செய்தார். முன்பே அவருக்குச் சில பிளாட்பாரப் பலகைகள் செய்து கொடுத்திருந்தேன். "ஒரு சின்ன ஸ்டேஷன் முழுசா பேர் மாத்தணும்மா, வரைபடம் அனுப்பறேன்" என்றார். வந்த படத்தைத் திறந்தேன். மஞ்சள் கட்டத்தில் கறுப்பு எழுத்தில் தாழைமேடு என்று இருந்தது. மாமாவோ அம்மாவோ யாரிடமும் எனக்காகச் சொல்லி வைக்கவில்லை. அந்த வேலை தானாக, நான் முன்பு செய்த வேலையின் நம்பிக்கையில் வந்தது. நாற்காலியில் இருந்து எழுந்து கடை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தேன்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் லால்பேட்டைக்காரி. எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது உங்க ஊருதான? மாஷா அல்லாஹ்! அப்ப ஒரு பிசிறு இருக்கக் கூடாது" என்று சொல்லி அப்போதே மெஷினின் கத்தியை மாற்றினாள்.

எழுத்தை வரிசைப்படுத்தும்போது ஒரு சிக்கல் வந்தது. மேலே தமிழ், நடுவில் இந்தி, கீழே ஆங்கிலம் என்பது முறை. எங்கள் பேரில் இருக்கிற ழ-வின் வால் கீழே இறங்கி, இந்தி எழுத்தின் தலைக்கோட்டில் போய் இடித்தது. வாலைக் குட்டையாக்கலாம். அப்படிச் செய்தால் தூரத்தில் இருந்து மு மாதிரித் தெரியும். எனக்கு மனசு வரவில்லை. இந்தி வரியையும் ஆங்கில வரியையும் கீழே நகர்த்தினேன். ழ காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தது. ஆனால் அடியில் பழைய பேருக்கு இருந்த இடம் சுருங்கிப் போனது.

அந்தச் சமயம் பார்த்து மாமா கடைக்கு வந்தார். திரையில் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.  பிறகு அடியில் இருந்த காலி இடத்தைக் காட்டினார்.

"அவுங்க பேரு இங்கயா வருது?"

"ஆமாம் மாமா."

"எடம் கம்மியாத்தான கெடக்கு. தம்மாத்தூண்டு எழுத்துல போட்டு வுடு பாப்பா. எறும்பு சைஸ்ல. போட்டாச்சுன்னும் இருக்கணும், தெரியவும் கூடாது."

"படிக்க முடியாத எழுத்த எதுக்கு மாமா போடணும்?"

"இத்தினி வருசம் நம்ம பேரு எறும்பு சைஸ்லகூட இல்லியே. அவுங்க கொஞ்ச நாள் அனுபவிக்கட்டுமே."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் மாமா காதில் விழுந்த பேச்சுகள் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அந்த ஸ்கேன் கவர் அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். "செங்கொல்லைக்குன்னு வர்றவங்க ஜன்னல் வழியா பாத்துட்டு எறங்காமப் போயிட்டா, திட்டுறது நம்ம பலகையத்தான் மாமா. நம்ம பேரு போட்ட மொத பலகை யாரையும் வழி தவற வுடக் கூடாது."

"உனக்கு அவுங்க மேல இன்னா அவ்ளோ அக்கறை?"

"அவுங்க மேல இல்ல. பலகை மேல."

மாமா நான் வாங்கி வைத்த டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார். நான் ரயில்வே இன்ஜினியருக்கு போன் செய்தேன். ழ-வின் பிரச்சினையைச் சொல்லி, நாலு பக்கமும் விடுகிற மஞ்சள் ஓரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். படத்தை அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, இப்படியே போட்டுருங்க" என்றார். ஓரத்தில் மிச்சமான இடத்தை எடுத்து அடியில் சேர்த்தேன். பழைய பேர், நிற்கிற வண்டியின் ஜன்னலில் இருந்து கண்ணாடி போட்டவர் படிக்கிற அளவில் அமைந்தது. அதற்கு மேல் பெரிதாக்கவும் இல்லை, சிறிதாக்கவும் இல்லை.

மாட்டுகிற அன்று காலையில் ஊரே பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள்கூட லீவு சொல்லிவிட்டிருந்தார்கள். மாமா வேட்டி கட்டிக்கொண்டு வந்து தூரமாக நின்றார். என்னிடம் பேசவில்லை. புதுப் பலகையைப் பதிக்கிற பழைய கான்கிரீட் பலகையை முதலில் சுரண்ட வேண்டும். ஏற்கெனவே உரிந்திருந்த பெயின்ட் பொருக்குப் பொருக்காக வந்தது. ஓர் அடுக்கு போனதும் அடியில் இன்னோர் அடுக்கு தெரிந்தது. அதிலும் செங்கொல்லைதான். ஆனால் கடைசி எழுத்து வேறு மாதிரி இருந்தது. இப்போது நாம் எழுதுகிற 'லை' இல்லை. முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து போகிற பழைய 'லை'. கையால் எழுதியது. பிரஷ் திரும்பிய இடம்கூடத் தெரிந்தது. சுரண்டுகிறவரை நிறுத்தச் சொல்லிவிட்டு என் போனில் படம் எடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் செங்கொல்லையில் இருந்து பைக்கில் அந்தப் பெரியவர் வந்தார். கூட அவர் மகனும் இன்னொருவரும் இருந்தார்கள்.  எங்கள் பையன்கள் சிலர் முன்னால் நகர்ந்தார்கள். பெரியவர் யாரையும் பார்க்காமல் நேராகப் பலகைக்கு வந்தார். தும்பிக்கை 'லை'யைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது எங்க அப்பா காலத்து எழுத்து" என்றார். "நானும் பள்ளிக்கூடத்துல இப்டித்தான் எழுதினேன்."

"போட்டோ எடுத்திருக்கேன் அய்யா, அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். மகன் தன் நம்பரைச் சொன்னான். அனுப்பினேன்.

பிறகு பெரியவர் சுவரில் சாய்த்து வைத்திருந்த புதுப் பலகையிடம் போனார். மேலிருந்து கீழே படித்தார். அடிவரிக்கு வந்ததும் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, பின்னால் நாலடி போய், மறுபடியும் படித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான் அய்யா. இந்த ஊருதான்."

"படிக்க முடியுது" என்றார். "எம் பொண்ண திருச்சியில குடுத்திருக்கேன். சம்பந்தி வூட்டு ஆளுங்க வந்தா எங்க எறங்கறதுன்னு முழிக்கப் போறாங்களேன்னுதான் எனக்கு. கண்ணுக்குத் தெரியாமப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சித்தான் வந்தேன்."

மேல் வரியை மறுபடியும் பார்த்துவிட்டு, "உங்க பேரும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மாமா அப்போது பக்கத்தில் வந்திருந்தார்.  "வெயிலு ஏறிடுச்சி. ஒரு கலரு குடிச்சிட்டுப் போங்க" என்றார். டிக்கெட் அக்கா தன் அறையில் இருந்து நாற்காலியை எடுத்து வந்து போட்டார். பெரியவர் உட்கார்ந்தார். மாமா பக்கத்தில் நின்றார். பிறகு இன்னொரு நாற்காலி வந்ததும் அவரும் உட்கார்ந்தார்.  பலகை ஏறுவதை ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் பெரியவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

திருகுகளை முடுக்கி, மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புப் படலத்தை உரிக்கச் சொன்னார்கள். "நீயே உரி" என்றாள் அம்மா. ஏணியில் ஏறினேன். ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் படலம் சரசரவென்று வந்தது. காலை வெயில் மஞ்சளில் பட்டது. தாழைமேடு. கீழே யாரோ விசில் அடித்தார்கள். மாதா கோயில் மணியை யாரோ போய் அடித்தார்கள். விழுப்புரம் பாசஞ்சர் வந்து நின்றபோது, ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பலகையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

இறங்கும்போது மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ழ நல்லா வந்திருக்கு" என்றார். அவருடைய மன்னிப்பு அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

ஸ்டேஷன் மாறிவிட்டது. பஸ் இன்னும் மாறவில்லை. கடலூர்–சிதம்பரம் ரோட்டில் எங்கள் நிறுத்தத்தை கண்டக்டர்கள் 'செங்கொல்லை கேட்' என்றுதான் சொல்கிறார்கள். மாமா ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஒரு ஜவுளிக்கடை போர்டுக்கு அளவெடுக்கச் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனேன். கூட்டம். ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில், முகத்தில் மீசை சரியாக முளைக்காத புது கண்டக்டர் விசிலை வாயில் இருந்து எடுத்துவிட்டுக் கத்தினார்.

"தாழைமேடுல்லாம் எறங்கு! தாழைமேடு!"

நான் இறங்க வேண்டிய இடம் சிதம்பரம். ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண் காலை ஒதுக்கி வழி விட்டுக்கொண்டே, "எறங்கறியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, சும்மாதான் எழுந்தேன்" என்றேன். "அது எங்க ஊரு."